பதினைந்து வயதுக்கு எந்தப் புத்தகம்? இந்தக் கதையெல்லாம் தெரியுமா?

கதை எழுதும் பாடத்தில் 'டி' கிரேடு வாங்கிய அதே வருடம் ஒரு பள்ளி மாணவி எழுதிய நாவல், ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு ஊர். மாணவியின் பெயர் சூசன் எலோயிஸ் ஹின்டன். ஊரில் வசதியான வீட்டுப் பையன்கள் ஒரு கோஷ்டி, தலையில் எண்ணெய் வழியத் திரியும் ஏழை வீட்டுப் பையன்கள் இன்னொரு கோஷ்டி. சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்த இவருடைய நண்பன் ஒருவனை எதிர் கோஷ்டி வழிமறித்து அடித்துவிட்டது. அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது 15! புத்தகத்தின் பெயர் 'தி அவுட்சைடர்ஸ்'. பதிப்பகத்தின் ஒப்பந்தம் பள்ளிப் படிப்பு முடிந்து பட்டமளிப்பு நடந்த அன்றே கைக்கு வந்தது. 1967-இல் நாவல் வெளியானபோது வயது 18.

அட்டையில் ஏன் 'எஸ். இ. ஹின்டன்' என்று வெறும் இனிஷியல் மட்டும் போட்டார்கள் தெரியுமா? தெருச் சண்டையும் கத்திக்குத்தும் நிறைந்த கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பாளர் பயந்தார்! இதைவிட ஆச்சரியம் பிறகு நடந்தது. கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ அருகே லோன் ஸ்டார் என்றொரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே படிக்கவே பிடிக்காத பையன்கள்கூட இந்த நாவலை வாங்கிப் போய் முடித்துவிட்டு வருவதைப் பள்ளி நூலகர் கவனித்தார். 'காட்ஃபாதர்' எடுத்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இதை நீங்கள் படமாக எடுக்க வேண்டும் என்று கேட்டு, பிள்ளைகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் போட்ட கையெழுத்துகளையும் ஒரு பேப்பர்பேக் பிரதியையும் சேர்த்து அனுப்பினார். 1983-இல் படம் வந்தேவிட்டது! அப்போது யாருக்கும் அதிகம் தெரியாத டாம் குரூஸ் அதில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். படத்தை அந்தப் பள்ளிக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார் கொப்போலா.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று கேட்கிற பெற்றோர் அநேகம் பேர். கேட்ட கையோடு, 'ஏதாவது நல்ல கருத்துள்ளதா இருக்கட்டும்' என்பார்கள். ஆண்டுவிழா மேடைகளில் பரிசாகப் போவதும் பொன்மொழித் தொகுப்புகளும் 'வெற்றிக்கு வழி' வகைப் புத்தகங்களும்தான். அந்தப் பிள்ளைகள் அவற்றை எங்கே வைக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரித்த தடமே இருக்காது. நல்ல புத்தகம் என்று சொல்லிக் கொடுத்தால் பதின்ம வயதில் யாரும் தொடுவதில்லை. அந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது, எழுதியவர் என்ன பாடு பட்டார், எந்த வயதில் எழுதினார் என்ற கதையைச் சொல்லுங்கள். கை தானாக நீளும். நான் பார்த்தவரை இது தவறியதே இல்லை.

அவர்கள் வயதுக்காரர்களே எழுதியவை

ரஸ்கின் பாண்ட் தன் முதல் நாவலான 'தி ரூம் ஆன் தி ரூஃப்'பை எழுதியது 17 வயதில்! டேராடூனில் வீட்டை விட்டு ஓடும் ரஸ்டி என்ற பையனின் கதை. எழுதியதோ லண்டனில், ஊர் ஏக்கத்தில். பதிப்பாளர் கொடுத்த முன்பணம் 50 பவுண்டு. அதை வைத்துத்தான் கப்பல் டிக்கெட் எடுத்து இந்தியா திரும்பினார். 1957-இல் அதற்கு ஜான் லூவெலின் ரீஸ் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் நாவல் படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான நடை கிடைப்பது கஷ்டம்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லிக்கு, எழுதத் தொடங்கியபோது 18 வயது. அந்தப் பேய்க்கதைக்குப் பின்னால் ஓர் எரிமலை இருக்கிறது தெரியுமா? 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததில், 1816-இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரைக்கு விடுமுறைக்குப் போன மேரியும் நண்பர்களும் ஓயாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பொழுது போகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று கவிஞர் பைரன் போட்டி வைத்தார். பெரிய பெரிய கவிஞர்கள் கூடியிருந்த அந்த வீட்டில், உலகம் இன்றுவரை மறக்காத கதையைக் கொண்டுவந்தது அந்த 18 வயதுப் பெண்தான்! 1818 ஜனவரி 1-ஆம் தேதி வந்த முதல் பதிப்பு வெறும் 500 பிரதிகள். அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை.

ஆன் ஃபிராங்கைப் பற்றித் தெரியும், டைரி எழுதினாள், நாஜி முகாமில் இறந்தாள் என்பீர்கள். அவள் தன் டைரியைத் தானே உட்கார்ந்து மறுபடி எழுதினாள் என்பது தெரியுமா? 1944 மார்ச் 28-ஆம் தேதி இரவு, ஆம்ஸ்டர்டாமில் மறைவிடத்தில் ஒளிந்திருந்தவர்கள் ரகசியமாக ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். லண்டனிலிருந்து பேசிய டச்சு அமைச்சர், போர் முடிந்ததும் மக்களின் டைரிகளையும் கடிதங்களையும் திரட்டப் போவதாகச் சொன்னார். 14 வயது ஆன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மே மாதம் தனித்தாள்களை எடுத்துக்கொண்டு, பழைய பக்கங்களை வெட்டி, சேர்த்து, ஆட்களுக்குப் புனைபெயர் வைத்து, ஒரு புத்தகமாகவே எழுதத் தொடங்கினாள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிடித்துக்கொண்டு போகும்வரை 200 தாள்களுக்கு மேல் எழுதி முடித்திருந்தாள்! தரையில் சிதறிக் கிடந்த அந்தத் தாள்களைப் பொறுக்கித் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பாதுகாத்தவர், ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ். ஆன் திரும்பி வந்தால் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூடப் படிக்காமல் வைத்திருந்தார். பாவப்பட்ட சிறுமியின் குறிப்பேடு என்று இதைக் கொடுக்காதீர்கள். தன் எழுத்தைத் தானே திருத்தத் தெரிந்த ஓர் எழுத்தாளரின் புத்தகம் என்று சொல்லிக் கொடுங்கள்.

தீவில் சிக்கிய பையன்கள்: கதையில் ஒன்று, நிஜத்தில் ஒன்று

வில்லியம் கோல்டிங்கின் 'லார்டு ஆஃப் தி ஃப்ளைஸ்' பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல். 1954-இல் வெளியானது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக மிருகங்களாக மாறுவதுதான் கதை. கோல்டிங் பள்ளி ஆசிரியர். பையன்களைத் தினமும் பார்த்தவர். 1983-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

ஆனால் நிஜமாகவே அப்படி ஆறு பையன்கள் ஒரு தீவில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று உலகத்துக்கு விடை கிடைத்தது தெரியுமா? 1965-இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா நாட்டில், விடுதிப் பள்ளி பிடிக்காமல் ஆறு பையன்கள் ஒரு மீனவரின் படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். புயலில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் மிதந்து அட்டா என்ற பாறைத் தீவில் ஒதுங்கினார்கள். மனிதர் யாரும் இல்லை. அங்கே 15 மாதம் இருந்தார்கள்! மரத்தைக் குடைந்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். தோட்டம் போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். மூட்டிய நெருப்பை ஒரு நாளும் அணைய விடவில்லை. இருவர் இருவராக முறை வைத்து வேலை. சண்டை வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் தணிந்த பிறகு திரும்பி வர வேண்டும். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, மற்றவர்கள் குச்சிகளை வைத்துக் கட்டி, அவன் வேலையையும் தாங்களே பகிர்ந்துகொண்டார்கள். பிறகு பார்த்த மருத்துவர் எலும்பு சரியாகக் கூடியிருப்பதைக் கண்டு அசந்துபோனாராம். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டுபிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார். வந்ததும் படகுக்காரர் கொடுத்த புகாரில் ஆறு பேரையும் போலீஸ் பிடித்து உள்ளே போட்டது! வார்னர் பணம் கட்டி வெளியே எடுத்தார். பிறகு அவர்களையே தன் மீன்பிடிப் படகில் வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்.

ருட்கர் பிரெக்மன் எழுதி 2020-இல் ஆங்கிலத்தில் வந்த 'ஹியூமன்கைண்ட்' இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொல்கிறது. என் யோசனை: கோல்டிங்கின் நாவலைக் கொடுங்கள், அடுத்த வாரமே டோங்கா பையன்களின் கதையைச் சொல்லுங்கள். இரண்டில் எது உண்மை மனிதன் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் நடக்கும் விவாதத்தை நிறுத்த முடியாது.

'அசுரன்' பார்த்தவர்களுக்கு

2019-இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்க்காத டீன் ஏஜ் பிள்ளை நம் ஊரில் குறைவு. அது பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து எடுத்தது என்பதுகூடப் பலருக்குத் தெரியும். ஆனால் நாவலின் நாயகன் தனுஷ் நடித்த அப்பா பாத்திரம் இல்லை, 15 வயது மகன் சிதம்பரம்தான் என்பது தெரியுமா? 1982-இல் வந்த புத்தகம் இது!

முதல் பக்கத்திலேயே பையன் கையில் அரிவாளோடு இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். பகையாளி வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட வேண்டும் என்றுதான் போனான், ஆளே செத்துவிட்டான். அங்கிருந்து கதை எடுத்த எடுப்பில் ஓடுகிறது. அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். பெரிய வசனம் எதுவும் கிடையாது. எங்கே தண்ணீர் இருக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எப்படிச் சோறாக்கலாம் என்று சின்னச் சின்ன வேலையாகவே போகிறது. அந்த வேலைகளுக்கு நடுவே அப்பனுக்கும் மகனுக்கும் நடக்கும் பேச்சில் ஒரு குடும்பத்தின் மொத்தத் துயரமும் வெளியே வருகிறது. கோவில்பட்டிக் கரிசல் பேச்சு முதல் இரண்டு அத்தியாயங்களில் கொஞ்சம் இடறும். பிறகு காதில் ஓடத் தொடங்கிவிடும். கொலையில் தொடங்கும் நாவலைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதே கதையைத் திரையில் ரத்தம் தெறிக்க அவர்கள் பார்த்தாகிவிட்டது. பூமணி ரத்தத்தைக் காட்டுவதில்லை, அதற்குப் பிறகான பயத்தைக் காட்டுகிறார்.

கணக்கு பிடித்தவர்களுக்கு

ஒரு கோனார் நோட்ஸ் மாதிரிப் புத்தகம் ஓர் உலக மேதையை உருவாக்கியது தெரியுமா? லண்டனில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஜி. எஸ். கார் என்பவர், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகச் சுமார் 5,000 கணிதத் தேற்றங்களை வரிசை எண் போட்டுத் தொகுத்தார். வரிக்கு வரி சூத்திரம். நிரூபணம் இருந்தால் ஓரிரு வரி, பல இடங்களில் அதுவும் இல்லை. அந்தப் புத்தகம் எப்படியோ கப்பலேறி கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துக்கு வந்தது. 1903 வாக்கில் யாரோ ஒரு நண்பர் அதை எடுத்துவந்து ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்தார். பையன் சீனிவாச ராமானுஜன்!

நிரூபணம் இல்லாததுதான் அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். ஒன்றை நிரூபிக்கப் போய்ப் புதிதாக வேறொன்றைக் கண்டுபிடித்தார். அதிலேயே மூழ்கி, கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையையும் இழந்தார். ஆனால் அவரே 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். ராமானுஜனின் வாழ்க்கையை ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதினார். 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' என்ற அந்தப் புத்தகத்தில் கும்பகோணம் தெருக்கள் அப்படியே வருகின்றன. கணக்கு பிடித்த பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்த நண்பரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்திய அறிவியல் வரலாற்றின் மிகச் சிறந்த புத்தகப் பரிந்துரை அது!

இதே மாதிரி இன்னொன்று ரஷ்யாவில் நடந்தது. யாக்கவ் பெரெல்மான் 1913-இல் எழுதிய பொழுதுபோக்கு இயற்பியல் புத்தகம், சோவியத் பதிப்பாக நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் மலிவு விலைக்கு வந்து குவிந்தது. நம்மில் பலருடைய அப்பாக்கள் படித்தது. லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டபோது, 1942-இல் பட்டினியால் இறந்துபோனார் பெரெல்மான். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து அதே லெனின்கிராடில் ஓர் அப்பா தன் மகனுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். மகன் பெயர் கிரிகோரி பெரெல்மான். உறவுக்காரர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று! நூறு வருடமாக யாராலும் முடியாத பாயின்கரே புதிரை விடுவித்தவர். அதற்குக் கொடுத்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்று சொன்னவர் இவர்தான்.

சோவியத் புத்தகம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. போரிஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை' தமிழில் கிடைக்கிறது. 1942-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானி, நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாள் தவழ்ந்து வருகிறார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டே செயற்கைக் கால்களோடு மறுபடி போர் விமானம் ஓட்டுகிறார்! கட்டுக்கதை இல்லை. அலெக்ஸி மரேஸ்யெவ் என்பது அவர் பெயர்; நாவலில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'மெரேஸ்யெவ்' ஆக்கியிருக்கிறார் ஆசிரியர். 2001 மே மாதம் மாஸ்கோவில் அவருடைய 85-ஆவது பிறந்தநாள் விழாவுக்கு அரங்கம் நிறைந்து காத்திருந்தது. விழா தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போது மாரடைப்பில் இறந்துபோனார். வந்திருந்தவர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

சுஜாதா முதல் பிராட்பரி வரை

வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு வகித்த எஞ்சினீயர், எல்லோருக்கும் எண் கொடுத்து அரசாங்கம் கண்காணிக்கும் ஒரு நாட்டைப் பற்றி நாவல் எழுதினார் தெரியுமா? பெங்களூர் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா! 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் கதை நடப்பது 2021-இல். நமக்கு அந்த வருடம் கடந்தே போய்விட்டது. அதில் ஜீனோ என்றொரு இயந்திர நாய் வரும். புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும், யோசிக்கும். செயற்கை நுண்ணறிவோடு தினமும் சாட் செய்யும் இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முந்தையது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முடித்தால் 'மீண்டும் ஜீனோ' காத்திருக்கிறது.

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' புத்தகங்களை எரிக்கும் நாட்டைப் பற்றியது. அதன் முதல் வடிவம் எழுத அவருக்கு ஆன செலவு எவ்வளவு தெரியுமா? 9 டாலர் 80 சென்ட்! லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அரை மணி நேரத்துக்குப் 10 சென்ட் காசு போட்டால் ஓடும் டைப்ரைட்டர்கள் இருந்தன. கல்லூரிக்குப் போக வசதியில்லாத பிராட்பரி அங்கே சில்லறையைப் போட்டுப் போட்டு அடித்தார். நேரம் ஓடுகிறதே என்ற பதைப்பு கதையிலும் தெரிகிறது.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்

பிள்ளைக்குப் புத்தகத்தைத் தேடித் தருவது எவ்வளவு பெரிய வேலை என்று முதலில் சட்டமாகவே எழுதி வைத்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931-இல் வந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இதைப் பற்றித்தான். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த புதிதில் அந்த வேலை பிடிக்காமல் மறுபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்! பயிற்சிக்காக லண்டன் போனவர், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளை போட்ட பட்டைகள், சக்கரம், திருகாணி. அதே துண்டுகளைக் கழற்றி மாட்டினால் கார், மறுபடி மாட்டினால் கிரேன். புத்தகங்களையும் இப்படித்தான் வகைப்படுத்த வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. நூலக அறிவியலில் உலகம் மதிக்கும் கோலன் பகுப்புமுறை ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து வந்தது!

அதே 1931, அக்டோபர் 21-ஆம் தேதி. மன்னார்குடி பக்கத்து மேலவாசலிலிருந்து புத்தகம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது. கனகசபை பிள்ளையின் முயற்சி; தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். சில வருடம் கழித்து, உலகின் மறு கோடியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஏழைத் தெருக்களில் ஒரு குதிரை வண்டி புத்தகங்களோடு சுற்றியது. அதை நடத்தியவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். பதின்ம வயதினருக்கென்று தனி நூலகச் சேவையை வளர்த்தவர்களில் முன்னோடி. பெரியவர்களுக்காக எழுதிய நாவல்களையே தைரியமாகப் பிள்ளைகளிடம் கொடுத்தவர். அவர் நினைவாக 1998 முதல் 'அலெக்ஸ்' விருது கொடுக்கிறார்கள். டீன் ஏஜ் வாசகர்களைக் கவரக்கூடிய, பெரியவர்களுக்கான புத்தகங்கள் வருடத்துக்குப் பத்து! சிறுவர் நூல் என்ற வேலியைத் தாண்டி யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதைத்தான்.

அதற்காக நம் சிறார் எழுத்தாளர்களை விட்டுவிடாதீர்கள். எவ்வளவோ நடந்துகொண்டிருக்கிறது! கீழடி மண்ணைப் பற்றி உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. தவறான தொடுதல் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தவிக்கிற பெற்றோருக்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஒரு வரம்; 2020-இல் அதே விருது பெற்றது. கேள்வி கேட்டே ஆசிரியர்களைத் திணறடிக்கும் ஒரு மாணவியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' அரை மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். அது பரவிய வேகத்தில் எழுதியவரின் பெயரே ஆயிஷா நடராசன் ஆகிவிட்டது! ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், படித்துவிட்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பறவைகள் பின்னால் திரியும் பையன்களின் உலகம். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி.ரா. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜப்பானின் 'டோட்டோ-சான்' பலர் வீட்டில் இருக்கும். ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய அந்த டோமோயி பள்ளி நிஜமாகவே இருந்தது, 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அட்டையிலும் உள்ளேயும் இருக்கும் அழகான படங்களை வரைந்த சிஹிரோ இவாசாகி, அந்தப் புத்தகம் எழுதப்படுவதற்கு முன்பே 1974-இல் இறந்துவிட்டார் தெரியுமா? அவர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கதைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தவர் அந்தக் கதையைப் படிக்கவே இல்லை! 1981-இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு டெட்சுகோ குரோயானாகி இரண்டாம் பாகம் எழுதியது 42 வருடம் கழித்து, 2023-இல்.

எதைக் கொடுத்தாலும் படிக்க மாட்டேன் என்கிற பிள்ளைகளுக்குக் காமிக்ஸ்தான் என் சிபாரிசு. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்த கதை, ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்த ஆளைத் தமிழ்ப் பையன்கள் தங்கள் ஊர்க்காரராகவே நினைத்தார்கள். 1984-இல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் மாடஸ்டி பிளைஸியின் சாகசம், 'கத்திமுனையில் மாடஸ்டி'. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த எஸ். விஜயனுக்கு அப்போது என்ன வயது தெரியுமா? 17! நாற்பது வருடம் தாண்டியும் ஆசிரியர் அவர்தான்.